கல்யாண வீட்டுக்கு வந்த மூச்சு மெஷின்

கோம்பையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பகலிலும் தூக்கம் சொக்கும். "ராத்திரி பூரா கொறட்டை விட்டுத் தூங்குனது பத்தலையா?" என்று கணவர் கேலி செய்வார். ஒருநாள் ரவிக்கை தைக்கும்போதே கண்ணயர்ந்து, ஊசி விரலில் இறங்கிவிட்டது. கட்டுப்போட்ட டாக்டர் விசாரித்து மதுரைக்கு அனுப்பினார். அங்கே ஒரு ராத்திரி தூங்கவைத்துச் சோதித்துவிட்டு, தூக்கத்தில் தொண்டை அடைத்து அடிக்கடி மூச்சு நின்றுபோகிறது என்றார்கள். படுக்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று மெஷின் வாங்கினோம். சில வாரங்களில் பகல் தூக்கம் போய்விட்டது.

உறவினர் கல்யாணத்துக்கு முந்தின நாளே போய்த் தங்க, அதையும் பையில் எடுத்து வைத்தபோது நாத்தனார் தடுத்தார்.

"பொம்பள இத மாட்டிட்டுப் படுத்தா பாக்குறவுக என்ன சொல்லுவாக? வச்சுட்டு வா."

"மூச்சு நிக்கிறது எனக்குத்தான மதினி. பாக்குறவுக பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையோடு பஸ் ஏறினேன்.

இப்போதெல்லாம் எந்த வீட்டில் தங்கப் போனாலும், முதலில் பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்கிறேன்.