அப்பா அடைத்த விரிசல்கள்

இன்று வேலை முடிந்து வரும்போதே கால் இரண்டும் கடுத்தன. எப்போதும் போல முதலில் வாசலில் இருக்கும் என் தோட்டத்தைப் பார்த்தேன்.

நான் வேலை செய்யும் பீங்கான் பட்டறையில், சூளையில் விரிசல் விட்ட ஜாடிகளைக் கழித்துப் போடுவார்கள். அவற்றைக் கேட்டு வாங்கிவந்துதான் செடி வைத்திருக்கிறேன். பளபளக்கும் நீல ஜாடியில் முள் வைத்த கற்றாழை. பக்கத்தில் மெருகு பூசாத சொரசொரப்பான ஜாடியில், வெல்வெட் போன்ற சிவப்புக் கோழிக்கொண்டைப் பூச்செடி.

ஜாடிகளுக்கு அடியில் ஓட்டை கிடையாது. விரிசல் வழியாகத்தான் தண்ணீர் வடியும்.

அப்பாவுக்கு இன்று லீவு. ஜாடியின் நிறத்துக்கே சாயம் கலந்து, எல்லா விரிசலையும் வெள்ளை சிமெண்டால் அடைத்துவிட்டார். இறுகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீரையும் நிரப்பியிருந்தார்.

"ஒடஞ்சத வாசல்ல வெச்சா பாக்குறவங்க என்னா நெனப்பாங்க? இப்ப பாரு பாப்பா, ஒரு சொட்டு ஒழுவாது."

உள்ளே இருந்து அம்மா சொன்னார்: "வூட்டுக் கூரை ஒழுவுது, அத அடைக்க நேரமில்ல."

கையெல்லாம் சிமெண்டோடு நின்றவரிடம், "நல்லா இருக்குதுப்பா" என்றேன்.

இப்படியே விட்டால் வேர் அழுகிவிடும். நாளை அவர் வேலைக்குப் போனதும் ஜாடிகளின் அடியில் ஓட்டை போட வேண்டும். உடையாமல் போடுவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் அடைத்த இடத்தில் மட்டும் கை வைக்கச் சொல்லாதீர்கள்.

கமெண்டில் தைரியமாக எழுதலாம். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன்.