நேர்ந்துவிட்ட சேவலும் இரண்டு நோயும்

என் கணவருக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கருப்பருக்கு ஒரு சேவல் தருவதாக வேண்டியிருந்தேன். கல்லல் சந்தையில் வாங்கி வந்தேன். சேவல் தும்மியது. பஸ்ஸில் பட்ட தூசி என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். படையலுக்குப் பத்து நாள் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் கோழிகளோடு விட்டுவைத்தேன்.

கணவனை இழந்தவள் அவள். இருபது நாட்டுக்கோழி வைத்திருந்தாள். மகள் கல்லூரிக்குப் போய்வரும் செலவு அந்த முட்டையிலும் குஞ்சிலும்தான் ஓடியது.

ஐந்தாம் நாள் கோழிகள் கொர் கொர்ரென்று மூச்சிழுத்தன. முகம் வீங்கி, கண்ணில் நுரை. சளி மருந்து கொடுத்தாள். இரண்டு தேறின, மூன்று செத்தன, என் சேவலும் போனது. செத்த கோழியைப் பையில் கட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். டாக்டரம்மா அறுத்துப் பார்த்தார்.

"ரெண்டு நோய் சேர்ந்திருக்கற மாதிரி தெரியுது. வெள்ளைக்கழிச்சல் வந்து மூச்சுக்குழாயைக் கெடுத்திருக்கு. அதுக்கு மேல சளிக் கிருமி ஏறிடுச்சு. உங்க மருந்து சளிக்குத்தான் கேக்கும். மத்ததுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டிருக்கணும்."

திரும்பி வந்தால் வாசலில் கோழி வியாபாரி. நன்றாக நடமாடிய பதினொன்றையும் கேட்டார். எங்கள் பக்கத்தில் சீக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு விற்றுவிடுவதுதான் வழக்கம். நானும் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"இங்க சீக்கு இருக்கு, உள்ள வராதீக. உங்க வண்டிக் கோழிக்கும் தொத்திரும்" என்று அவரை அனுப்பிவிட்டாள். பிறகு தெருவில் ஒரு வீடு விடாமல் போய், வெளியே நின்றே சொன்னாள்: "என் வீட்டுக் கோழிக்குச் சீக்கு. உங்க கோழிய அடைச்சு வையிங்க. தடுப்பூசி போட்ருங்க." அந்தத் துணிச்சல் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

கடைசியில் அவளுக்கு நான்கு கோழி மிஞ்சியது. தெருவில் வேறெந்த வீட்டிலும் ஒன்றுகூடச் சாகவில்லை. செத்த கோழிகளைப் புதைத்து, சுண்ணாம்பு போட்டுக் குழியை மூடிய அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. "சேவல் வாங்கிட்டு வந்தப்பவே தும்முச்சு. நான்தான் உன்கிட்டச் சொல்லல" என்றேன்.

"தெரியும்க்கா. நீங்க விட்ட அன்னைக்கே அது மூக்கு ஒழுகுனதப் பாத்தேன். தனியா கட்டத்தான் நெனச்சேன். சாமிக்கு நேந்ததை ஒதுக்கி வச்சா நீங்க சங்கடப்படுவீகன்னு விட்டுட்டேன்."

அத்தனை வாசலிலும் நின்று தன் வீட்டுச் சீக்கைச் சொன்னவள், என் சேவலைப் பற்றி ஒரு வாசலிலும் சொல்லவில்லை.