புல்தரைக்குப் போன தண்ணீர்

புல்தரையில் இறங்கும் முன் இருதயராஜ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். மகள் மலர்விழி சிறுமியாக இருந்த நாளிலிருந்தே இதைப் பார்த்திருக்கிறாள். சான்றிதழ் வாங்க விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனபோதும், ஊரே மிதித்துப் போன காய்ந்த புல்லில் அவர் மட்டும் வெறுங்காலோடு நடந்தார். கூட வந்த அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவருக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. விக்கிரவாண்டியைத் தாண்டித் திண்டிவனம் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில், திருமுருகனின் சைவ ஓட்டலுக்கு முன்னால் இருந்த தோட்டம்தான் அவர் சம்பளத்துக்குப் பார்த்து வளர்த்தது. அரளி வேலி, இரண்டு புங்கமரம், நடுவில் பச்சைப் புல். சென்னையிலிருந்து வரும் கார்கள் தோசைக்காக நிற்கவில்லை. பின்சீட்டுப் பிள்ளைகள் புல்லைப் பார்த்துக் கத்தியதால் நின்றன.

அந்தச் சித்திரையில் ஓட்டலின் போர்க் கிணறு வற்றியது. சமையலுக்கே டேங்கர் வந்தது.

"புல்லுக்கு ஊத்த தண்ணிக்கு எங்கய்யா போறது? கல்லு பதிச்சுட்டா பேஜாரே இல்ல" என்றார் திருமுருகன்.

அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்த மலர்விழி வாய் திறந்தாள். பி.பி.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் இருந்தாள். "எடத்த லீசுக்கு எடுக்க சென்னை கம்பெனிக்காரங்க வர்றாங்கன்னீங்களே சார். அவுங்க மொதல்ல பாக்கறது வாசலத்தான். காஞ்சி கெடந்தா வெலய கொறச்சிக் கேப்பாங்க."

திருமுருகன் சிரித்து, இருதயராஜ் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு சொல்லுது. சரி, அவுங்க வர்ற வரைக்கும் காப்பாத்து. புதுசா போர் போட்டதும் ஒன் வேலை ஒனக்குத்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணையன் நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் காடு. அவரும் கூடப்பிறந்தவரும் முறை வைத்து இறைக்கும் கிணறு. இருதயராஜ் வரப்பில் போய் நின்றார்.

"அண்ணே, ஒங்க முறைத் தண்ணிய கொஞ்ச நாளைக்கி எனக்கு வுடுங்க."

"புல்லுக்கா? மாடுகூட மேயாத புல்லுக்கு?"

"எம் பொழப்பு அதுலதாண்ணே இருக்குது."

கண்ணையன் செடியைப் பார்த்தார். "சின்னச் செடி, இப்ப தாங்கும். மண்ணுக்குள்ள விழுது எறங்கி காய் புடிக்கசொல்ல தண்ணி இல்லன்னா போச்சு, ராசு."

"அதுக்குள்ள ஓட்டல்ல புது போர் வந்துரும். ஒங்க மல்லாட்டக் கொல்லிக்கி நான் திருப்பி வுடறேன். எம் பொண்ணு மேல சத்தியம்."

பத்திரமா, சாட்சியா? முறைத் தண்ணீருக்கு வாய்ச்சொல்தான். அவர் கொடுத்த வாக்கு அடுத்தவன் போரில் ஊறப்போகும் தண்ணீருக்கு என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

கண்ணையன் வாய்க்காலைத் திருப்பிவிட்டார், புல் பிழைத்தது. வைகாசியில் கம்பெனிக்காரர்கள் வந்து புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு மோர் குடித்தார்கள், படம் எடுத்தார்கள், கேட்ட வாடகைக்கே கையெழுத்துப் போட்டார்கள். அவள் சொன்னது பலித்தது. புது போரும் வந்தது, தண்ணீர் பீய்ச்சியடித்தது.

அடுத்த வாரமே பொக்லைன் இறங்கியது. கார் நிறுத்தக் கல், ஓரமாகப் பிளாஸ்டிக் புல். கம்பெனியின் எல்லா ஊர்க் கிளையிலும் அப்படித்தானாம். லீஸ் கொடுத்த திருமுருகன் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார்.

ஆனியில் மழை இல்லை, கண்ணையனின் கிணறு அடி தட்டியது. இருதயராஜ் ஓஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் கேட்டுக்குப் போனார்.

"ஒரு ராத்திரி மட்டும் வுடுப்பா. ஒரே ஒரு ராத்திரி."

"மேனேஜர் சொல்லாம முடியாது பெரியவரே. நீங்க யாரு?" என்றான் புது வாட்ச்மேன்.

மல்லாட்டை மண்ணுக்குள் பருப்பில்லாமல் பொக்காய்ப் போனது. கண்ணையன் திட்ட வரவில்லை, பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். இருதயராஜ் அந்த வரப்பு வழியை விட்டு, சுற்றிக்கொண்டு சித்தாள் வேலைக்குப் போனார். மாசியில் மஞ்சள் காமாலை வந்து செத்தார்.

சாவுக்குக் கண்ணையன் வந்தார். கல்லறையில் மண் தள்ளிவிட்டுத் திரும்பியவரிடம் மலர்விழி போனாள். புல் காய்ந்தே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் யோசிக்காத நாளில்லை. எப்படி யோசித்தாலும் அப்பாவுக்கு வேலை மிஞ்சவில்லை. கண்ணையனுக்கு மட்டும் மல்லாட்டை மிஞ்சியிருக்கும்.

"பெரிப்பா, அப்பா வாங்கன தண்ணிய நான்..."

"நீ எங்கம்மா போவ தண்ணிக்கி?" என்றார் அவர், கையிலிருந்த மண்ணைத் துடைத்தபடி. "அது அவன்கூடப் பேசனது."

திருப்பித் தர வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.