வாடவிட்ட செடிகளும் வராத வார்த்தையும்

என்மேல் முதலில் பழி போட்டது, கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த மாலதி மிஸ். நாற்பது வருஷம் செடி வளர்த்த எனக்கு, செடியை வாடவிடுகிற வேலையைக் கொடுத்ததும் அவர்தான். செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கியவர்கள் உங்களில் இருந்தால் இது புரியும்.

செடிக்குள் கடிதம்

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கன்று வளர்க்கிற இடத்தில், ஒரு மூலையை மிஸ் ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கினார். ஐம்பது கன்றுகள். தண்ணீர் காட்டக் கூடாது. வாட வாட இலையைக் கிள்ளி, புகை கக்கும் குளிர்ப் போத்தலில் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோவார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் புரியும்படி சொன்னார். செடியின் உடம்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இன்னதைச் செய் என்று கடிதம் போகுமாம். பேர் எம்.ஆர்.என்.ஏ. கஷ்டம் வந்தால் கலம் அவசரக் கடிதங்களை மட்டும் படிக்கும். மற்றதில் பலவற்றைக் கட்டாகச் சேர்த்து வைக்கும். தண்ணீர் கிடைத்ததும் கட்டை அவிழ்த்து, வேண்டியதைப் படித்து, வேண்டாததைக் கிழிக்கும். எல்லாவற்றையும் முதலிலேயே கிழித்தால் என்ன என்று கேட்டேன்.

"திரும்ப எழுதிக்கிட்டிருந்தா நேரம் போயிரும்ல அண்ணே. நல்ல காலம் வந்தா உடனே எழும்பணுமே."

கையுறை

இலையை வெறுங்கையால் தொடக் கூடாது. கையில் இருக்கிற ஏதோ ஒன்று அந்தக் கடிதங்களை அரித்துவிடுமாம். சம்சாரம் செத்துப் போன பிறகு, லயத்து வரிசை வீட்டில் என்னோடு பேச ஆள் கிடையாது. இந்தக் கன்றுகளோடுதான் பேசினேன். கையுறை போட்டுக்கொண்டு பேசுவது, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போன மாதிரி இருந்தது. நான் பேசுவது ஒரு நாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்துவிட்டது.

"ராமையா, அதுக பதில் சொன்னா எனக்கும் சொல்லு."

மூடச் சொன்னது யார்

மூடுபனி உள்ளே வரக் கூடாதென்று, கன்றுகளுக்கு மேல் கூடாரம் மாதிரிக் கட்டிய பொலித்தீனை நாலு பக்கமும் இறுக்கி மூடச் சொன்னார் மிஸ். புதிதாகக் கன்று போடும்போது நாங்கள் அப்படித்தான் மூடுவோம். உள்ளே வேர்த்து, அந்தத் துளியே திரும்பச் செடியில் விழும். வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இதைச் சொன்னேன். மூடுங்கள் என்றார். மூடினேன்.

அடுத்த முறை கிள்ளிக்கொண்டுபோன இலையில் பார்த்தால், நடுவரிசைக் கன்றுகளில் கடிதக் கட்டே இல்லையாம். கஷ்டமே படாத செடி மாதிரி இருந்ததாம். கணக்கப்பிள்ளையும் கொழுந்து பறிக்கிற பெண்களும் நிற்கும்போதே மிஸ் கேட்டார்.

"பாவம் பாத்து தண்ணி ஊத்திட்டீங்கதானே அண்ணே? உண்மையச் சொல்லுங்க."

ஊற்றவில்லை. ஆனால் ஊற்ற ஆசை இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று கன்றுகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு சொட்டு

அன்றிலிருந்து பத்து மணித் தேத்தண்ணிக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பொலித்தீன் ஓரமாக உட்கார்ந்து தனியாகக் குடித்தேன். கன்றுகளோடும் பேச்சை விட்டேன்.

ஒரு நாள் காலை மிஸ் உள்ளே குனிந்து இலை கிள்ளும்போது, மேலேயிருந்து சொட்டு ஒன்று அவர் பிடரியில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். பொலித்தீன் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பிறகு என்னைப் பார்த்தார். இப்போதாவது தன் தப்பைச் சொல்லப்போகிறார் என்று கையுறையைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"நாளையிலருந்து ரெண்டு பக்கமும் தொறந்து கட்டுங்க அண்ணே."

ஆராய்ச்சி முடிந்து அவர் கொழும்புக்கே போய்விட்டார். தண்ணீர் கண்டதும் செடி கட்டை அவிழ்த்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ், பத்துப் பேர் முன்னால் எனக்குத் தர வேண்டிய 'நீங்க ஊத்தல' என்பதை மட்டும் இன்னும் கட்டியே வைத்திருக்கிறார்.