முகம் வரையாத பக்கங்கள்

ஒரு வாரமாக எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. காரணம்? ஒரு காமிக்ஸ் புத்தகம். சிரிக்காதீர்கள்.

போன வாரம் இதே விமர்சனப் பத்தியில் மூன்று புத்தகங்களைப் பற்றி அளந்துவிட்டிருந்தேன் அல்லவா? ஒன்று, குதிரையும் துப்பாக்கியுமாக ஒரு கௌபாய் சாகசம். வழவழ தாள், கண்ணைப் பறிக்கும் கலர். 'உன் பருப்பு என்னிடம் வேகாது!' என்று ஹீரோ வில்லனைப் பார்த்துச் சொல்லும் அந்த மொழிபெயர்ப்புக்காகவே இரண்டு தடவை படித்தேன். அடுத்தது துப்பறியும் கதை. காலை நேர டவுன் பஸ் மாதிரி பலூனுக்குள் வசனத்தை அடைத்திருந்தார்கள். கொலைகாரனின் மூஞ்சியே பலூனுக்குப் பின்னால் போய்விட்டது. மூன்றாவது, கறுப்பு வெள்ளையில் ஒரு கிராஃபிக் நாவல். கடற்கரையோரம் ஒரு கிராமம், ஒரு காலை, ஒரு அலை. வசனமே கிடையாது.

அந்த மூன்றாவதுக்குத்தான் ஐந்துக்கு இரண்டு மார்க் போட்டேன். 'கரையில் நிற்கும் ஜனங்களில் ஒருவருக்குக்கூட முகம் வரையவில்லை. இது கலையா, சோம்பலா?' என்று வேறு கேட்டிருந்தேன். எழுதும்போது பெரிய கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

இப்போது அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் எடுத்து, மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நன்னிலம் தாண்டி எங்கள் ஊர் வரைக்கும் வருகிறவர். புதனும் சனியும் தவறாது. பத்து வருடப் பழக்கம்.

போன வாரம் புதன்கிழமை மீனை நறுக்கிக்கொண்டே கேட்டார். "அக்கா, காவ்யா சைக்கிள்லேந்து விழுந்து கால்ல மாவுக்கட்டு போட்டுருக்கு. ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது. படம் போட்ட புக்கு எதாவது இருந்தா கொடுங்களேன்."

காவ்யா அவருடைய மகள். ஏழாவது படிக்கிறாள். எனக்கா கசக்கும்? காமிக்ஸ் கேட்டு ஒரு ஆள் வருவதே எங்கள் ஊரில் அபூர்வம். உள்ளே ஓடிப்போய் கௌபாயை எடுத்து வந்து கொடுத்தேன்.

கௌபாய் என்று நினைத்து எடுத்து வந்து கொடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், என் காமிக்ஸ் எல்லாவற்றுக்கும் அட்டை போட்டுவிடுவேன். உரக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற காலண்டர் தாள்தான். மாதம் முடிந்ததும் கிழித்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்துப் போட்டால் கச்சிதமாக இருக்கும். மழைக்கால ஈரத்துக்கும் நல்லது. எத்தனை புத்தகம் புதிதாக வந்தது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை. மேலே ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி வைப்பது வழக்கம். இந்த மூன்றுக்கும் எழுதவில்லை. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சோம்பல்… ஆமாம், சோம்பல்!

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். கௌபாய் குதிரையில் உட்கார்ந்திருந்தான். அடுத்ததைப் பிரித்தேன். துப்பறியும் கதை.

அப்படியானால் போனது எது?

அமுதா ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார். காவ்யாவுக்கு முன்னால் ஒரு பெண் இருந்தது. சுனாமியில் போய்விட்டது. "அதுக்கு ஆறு வயசுக்கா" என்றார். நிமிரவே இல்லை. அடுத்த நிமிஷம், "தலையையும் போடட்டுமா?" என்று மீனைக் காட்டிக் கேட்டார். நானும் "போடுங்க" என்றேன். அவ்வளவுதான். பத்து வருடத்தில் அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தத் தாயின் கையில்தான் அந்த அலையைக் காலண்டர் தாளில் பொதிந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். சாயங்காலம் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுநாளும் அதேதான். காவ்யா பிரிக்காமலே மூலையில் போட்டிருக்கலாம் இல்லையா? பிரித்தாலும், அமுதாவுக்குப் படக்கதை பார்க்கவெல்லாம் நேரம் ஏது? அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்… அந்தப் புத்தகத்தில்தான் எழுத்தே கிடையாதே!

சனிக்கிழமை வாசலிலேயே நின்றேன். அமுதா வரவில்லை.

"காத்து அடிக்குதுன்னு டிவில சொன்னான். போட்டு கடலுக்குப் போயிருக்காது" என்றார் வீட்டுக்காரர். சம்பாவுக்கு உரம் போட்டுவிட்டு, மழை வந்து அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கவலை அவருக்கு. "ஒரு படக்கதைக்குப் போயி ஏன் இப்படி அலமந்து போற?"

என்ன கதை என்று சொன்னேன். அவரும் தன் போனை எடுத்து அமுதாவுக்குப் போட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை நாகப்பட்டினத்துக்கே போய்விடுவது என்று கிளம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். போய் என்னவென்று சொல்வது? 'மன்னிச்சுக்குங்க, தெரியாமக் கொடுத்துட்டேன்' என்றா? பார்க்காமல் இருந்தால், நானே போய்க் கிளறிவிட்ட மாதிரி ஆகிவிடாதா? இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவது வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். தைரியம் அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை மொபெட் ஹாரன் கேட்டதும் கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன்.

"போன் ஐஸ் தண்ணில விழுந்துடுச்சுக்கா. சனிக்கிழமை போட்டே போகல" என்றபடி அமுதா இறங்கினார். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியைத் திறக்காமல் நேராகக் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். முந்தானையில் துடைத்தார். மொபெட் கொக்கியில் மாட்டியிருந்த பையிலிருந்து, இரண்டு பாலிதீன் கவர் போட்டுச் சுற்றிய புத்தகத்தை வெளியே எடுத்தார்.

"ஒரு தப்பு நடந்து போச்சுக்கா. திட்டாதீங்க."

"தப்பு என்னோடதுதான் அமுதா, நான் வேற புக்குன்னு நெனச்சு…"

அவர் காதில் வாங்கவில்லை. நடுப்பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். கரையில் வரிசையாக நிற்கும் ஜனங்கள். எல்லாருக்கும் வெறும் முட்டை வடிவ முகம். ஓரத்தில் ஒரு சின்னப் பெண் உருவம். அதற்கு மட்டும் நீல பால் பாயிண்ட் பேனாவில் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். நெற்றியில் பொட்டு. காதோரம் இரட்டைச் சடை. ஒரு கண் பெரியதாகவும் ஒன்று சின்னதாகவும் இருந்தது. பேனா அழுத்தியதில் தாள் லேசாகக் குழிந்திருந்தது.

"இதுங்களுக்கு ஏன் மூஞ்சியே இல்லன்னு காவ்யா கேட்டுச்சு. அப்பறம், 'அக்கா எப்படிம்மா இருப்பா?'ன்னு கேட்டுச்சு. ஒரு போட்டோ கூட இல்லக்கா எங்ககிட்ட. எல்லாம் தண்ணியோட போச்சு. வாயால சொல்லிப் பாத்தேன், சொல்ல வரல. பேனாவ எடுத்துட்டேன்."

அமுதா அந்தச் சடையை விரலால் தொட்டார்.

"சடைதான் சரியா வந்துருக்கு. புக்கைக் கெடுத்துட்டேன். எவ்வளவுன்னு சொல்லுங்க, வேற வாங்கிக் கொடுத்துடறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை. புத்தகத்தை அவரிடமே நீட்டினேன்.

"வேணாம்க்கா. எங்க வீட்ல உப்புக்காத்து, தாளு நமுத்துப் போவும். இங்கயே இருக்கட்டும். நான் வர்றப்பப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கிழங்கான் மீன் நன்றாக இருக்கிறது என்று பெட்டியைத் திறந்தார்.

அந்த ஓவியர் ஏன் முகம் வரையவில்லை என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் சோம்பல் என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த இரண்டு மார்க்கையும்தான். கடலையே வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற வயல்காட்டுக்காரிக்கு அந்தப் புத்தகத்துக்கு மார்க் போட என்ன யோக்கியதை?

அமுதா கிளம்பும்போது, பத்து வருடம் கழித்துக் கேட்டேன். "பெரிய பொண்ணு பேரு என்ன அமுதா?"

அன்று மத்தியானம் அந்தப் புத்தகத்துக்குப் புது காலண்டர் தாளில் அட்டை போட்டேன். இந்தத் தடவை மறக்காமல் பெயரும் எழுதினேன்: தேன்மொழி.