கெசியா டிராஸ்க் செய்ய மறுத்த சத்தியம்

சண்டை வேண்டும் என்று கூவியவர்களில் ஒருவனாவது கடல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவனா என்று கெசியா டிராஸ்க் கேட்டாள். அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில், கனடாவைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் ஈஸ்ட்போர்ட் தீவில் நின்று கேட்டாள். 'நம் மாலுமிகளைப் பிரிட்டிஷ்காரன் பிடித்துப் போகிறான்' என்று தலைநகரில் மேசையைத் தட்டியவர்களில் பெரும்பாலோர் மேற்கேயும் தெற்கேயும் நிலம் உழுகிறவர்கள். அவர்கள் கண் கனடாவின் மேலும், செவ்விந்தியர்களின் காடுகளின் மேலும் இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கம், அதனால் மாலுமிகளுக்காக அழுதார்கள். கெசியாவுக்கு அழ வேறு யாரும் தேவைப்படவில்லை. பிடிபட்டவன் அவள் புருஷன்.

ஜோத்தம் டிராஸ்க் பிடிபட்டது 1810-இல். உப்பு மீன் ஏற்றித் தெற்கே போன கப்பலை ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் மறித்தது. ஆட்களை வரிசையில் நிற்கவைத்தார்கள். ஜோத்தம் சட்டைக்குள்ளிருந்து தன் அமெரிக்கக் குடிமகன் சான்றிதழை எடுத்து நீட்டினான். உயரம், கண்ணின் நிறம், இடது புருவத்துத் தழும்பு, எல்லாம் அதில் எழுதியிருந்தது. இந்த மாதிரித் தாள்கள் துறைமுகங்களில் கேட்டவனுக்கெல்லாம் கிடைக்கும் என்பதும், பாதிக்குப் பாதி பொய் என்பதும் ஊரறிந்த விஷயம். அதிகாரி தாளைப் பார்க்கவே இல்லை.

"எங்கடா பொறந்தே?" என்று மட்டும் கேட்டான்.

பொய் சொல்லத் தெரியாத ஜோத்தம், "கேம்போபெல்லோ" என்றான்.

எங்கள் துறையில் நின்றால் அந்தத் தீவில் துணி காய்வது தெரியும். ஆனால் அது பிரிட்டிஷ் அரசரின் தீவு. இரண்டு வயதில் தகப்பன் தோளில் உட்கார்ந்து இக்கரைக்கு வந்தவன் ஜோத்தம். அரசரின் மண்ணில் பிறந்தவன் சாகும்வரை அரசரின் ஆள் என்பது அவர்கள் சட்டம். அத்தோடு தங்கள் போர்க்கப்பலில் வேலை வாங்க அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கூடப் போனவர்கள் திரும்பி வந்து சொன்ன அன்றே கெசியா மனு எழுத உட்கார்ந்தாள். என் புருஷன் அமெரிக்கன், அவனை விடச் சொல்லுங்கள் என்று நான்கு மனு எழுதினாள். நான்குக்கும் தலைநகரிலிருந்து ஒரே பதில் வந்தது: உரிய இடத்தில் எடுத்துரைக்கப்பட்டிருக்கிறது. உரிய இடம் எது என்று அவளுக்கு யாரும் எழுதவில்லை.

பிறகு 1812-இல் பிரிட்டன் மேல் போரை அறிவித்தார்கள். துறையில் பெரிய கடை வைத்திருந்த லெமுவேல் பிராக்கெட் ஒரு பீப்பாயின் மேல் ஏறி நின்று, "நம்ம கெசியாவோட புருஷனுக்காக ஒரு நாடே எழுந்து நிக்குதுய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கூட்டத்தில் கைதட்டல். சில நாளில் அதே கூட்டம் கூடி, எதிர்க்கரைக்காரர்களோடு நமக்கு ஒரு சண்டையும் இல்லை, கொடுக்கல் வாங்கல் எப்போதும் போல நடக்கட்டும் என்று முடிவு செய்தது. அதற்கும் கைதட்டல்.

தெற்கேயிருந்து மாவுப் பீப்பாய்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அத்தனை மாவையும் எங்கள் தீவே தின்றிருந்தால் ஒருவனும் வாசல் வழியாக வெளியே வந்திருக்க முடியாது. மூடுபனி இறங்கியதும் பீப்பாய்கள் படகேறி அக்கரை போகும். அங்கே அவை பிரிட்டிஷ் கடற்படைக்கு ரொட்டியாகும். கெசியா ஒரு நாள் பிராக்கெட்டின் கடைக்குள் போய் நேராகவே கேட்டாள்.

"என் புருஷனைப் புடிச்சு வெச்சிருக்கிற கப்பலுக்கு நீங்கதானே ரொட்டி அனுப்புறீங்க?"

"அப்போ அவன் பட்டினி கெடக்கலேன்னு சந்தோஷப்படும்மா" என்றார் பிராக்கெட். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெசியா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் கடையில் ஊசி நூல்கூட வாங்கவில்லை.

1814 ஜூலையில் பிரிட்டிஷ் கப்பல்கள் எங்கள் துறைக்கே வந்து நின்றன. கோட்டையில் இருந்த எங்கள் வீரர்கள் கப்பல்களை எண்ணிப் பார்த்தார்கள், ஒரு குண்டுகூடச் சுடாமல் கொடியை இறக்கினார்கள். மறுநாள் அறிவிப்பு ஒட்டினார்கள். ஏழு நாளைக்குள் அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறவர்கள் வீடு வாசலோடு இருக்கலாம். மாட்டேன் என்பவர்கள் தீவைவிட்டுப் போய்விட வேண்டும்.

பீப்பாயில் ஏறி நின்ற பிராக்கெட் தலையை வாரிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றார். அவர் பின்னால் ஊரே நின்றது.

ஆறாம் நாள் அவர் கெசியாவின் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் அவளும் ஜோத்தமும் அடித்தது. மீன் உலர்த்தும் பரண்களும் அப்படித்தான். உலகத்தில் அவளுக்கு இருந்த சொத்து அவ்வளவே.

"வாயால சொல்ற நாலு வார்த்தை, கெசியா. சொல்லிட்டு வந்து உன் மீனைத் திருப்பிப் போடு."

"நான் ராஜாவோட குடின்னு கையெழுத்துப் போட்டா என் புருஷன் யாரு?"

பிராக்கெட் வாசல் பலகையில் உட்கார்ந்தார்.

"ஏற்கெனவே அவன் பொறந்த எடத்தைப் புடிச்சுத் தொங்குறானுங்க. 'பொண்டாட்டியே எங்க ஆளு, புருஷன் மட்டும் வேற யாரு'ன்னு நாளைக்கு என் மனுவைப் பாத்துச் சிரிக்க மாட்டானுங்களா? அந்தச் சாட்டையை நானே எடுத்துக் குடுக்கணுமா?"

"வீடு போயிரும், கெசியா."

"போகட்டும். உங்களுக்கு மானம் போச்சு, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

ஏழாம் நாள் ஒரு மெத்தை, இரண்டு பானை, மனுக்களின் நகல்கள் ஆகியவற்றோடு படகேறி, இடைக்கடலைத் தாண்டி லூபெக்கில் இறங்கினாள். அது அமெரிக்க மண். அங்கே பிறத்தியாருடைய களத்தில் மீன் கிழிக்கும் வேலைதான் கிடைத்தது. துறையில் நிற்கும்போதெல்லாம் எதிரே தன் வீடு தெரியும். பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பி உட்கார்ந்து வேலை செய்தாள். ஆத்திரத்தில் கத்தி நழுவி இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டாள்.

மறு வருஷம் பிப்ரவரியில் சமாதானம் என்று சேதி வந்தது. லூபெக்கில் மணி அடித்தார்கள். ஒப்பந்தம் பத்திரிகையில் அச்சாகி வந்தபோது கெசியா தபால்காரரிடம் வாங்கி அங்கேயே நின்று படித்தாள். எல்லை பழைய எல்லையே. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் தீவு யாருடையது என்பதை மட்டும் பிறகு ஆட்களைப் போட்டு விசாரிப்பார்களாம்; அதுவரை அங்கே பிரிட்டிஷ்காரர்களே இருப்பார்களாம். மறுபடி மேலிருந்து கீழே படித்தாள்.

"மீதிப் பக்கம் எங்க?" என்று கேட்டாள்.

"அவ்ளோதாம்மா."

மாலுமிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்றார்களோ அவர்களை எழுத மறந்துவிட்டு மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே செவ்விந்தியர்களின் நிலம் கேட்டவர்கள் கைக்குப் போயிற்று. தெற்கே நூற்பாலைகள் எழும்பின. பிராக்கெட் தன் கடைக்கு மாடி கட்டினார். அந்தப் போரால் ஒரு பயனும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஜோத்தம் வந்தது ஆகஸ்டில். பிரான்ஸோடு போட்ட சண்டையும் ஓய்ந்து கப்பல்களில் ஆள் தேவைப்படாமல் போனதால், வேண்டாத கயிற்றைப் போல அவனைக் கரையில் வீசிவிட்டார்கள். பிற்பகலில் மீன் களத்தில் வந்து நின்றான். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போயிருந்தது. கெசியா கத்தியைக் கீழே போட்டாள்.

"செத்துட்டேன்னு நெனச்சியா?" என்றான்.

"நெனச்சிருந்தா மனு எழுதுவேனாய்யா?"

குப்புறக் கிடந்த பீப்பாயில் உட்கார்ந்து சொன்னான். மாதாமாதம் ஒரு புத்தகத்தை முன்னால் வைப்பார்களாம். தானாக விரும்பிச் சேர்ந்தேன் என்று கையெழுத்துப் போட்டால் கரையிறங்க விடுப்பும் ரம்மும் உண்டு. அவன் ஐந்து வருஷமும் போடவில்லை. சட்டையைத் தூக்கி முதுகில் இருந்த சாட்டைத் தழும்புகளைக் காட்டினான். கெசியாவுக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. உலகத்தில் ஒருத்தனாவது உறுதியாக நின்றானே என்று நினைத்தாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "நான் இங்க இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மொதல்ல வீட்டுக்குத்தான் போனேன். சமையல்கட்டுல ஒரு பிரிட்டிஷ் சார்ஜென்ட் வெங்காயம் உரிச்சிட்டிருந்தான். அவன்தான் சொன்னான்."

"தீவுல எப்படிக் கால் வெக்க விட்டானுங்க?"

ஜோத்தம் மீனைப் பார்த்தான்.

"துறையில ஒரு புஸ்தகம் வெச்சிருந்தாங்க. ராஜாவுக்கு சத்தியம் பண்ணாம கரையேறக் கூடாதுன்னாங்க. மேல நம்ம வீட்டுல புகை தெரிஞ்சுது. நீதான் சமைக்கிறேன்னு நெனச்சேன், கெசியா. போட்டுட்டேன்."

இரண்டு நாடுகள் மூன்று வருஷம் ஆட்களைச் சாகடித்தும் தீர்க்காமல் விட்ட, அவன் யாருடைய ஆள் என்ற வழக்கை, பசியோடு நின்ற ஒரு நிமிஷத்தில் ஜோத்தம் டிராஸ்க் அரசர் பக்கமாகத் தீர்த்துவைத்திருந்தான். அதுவும் அவளைப் பார்க்கிற அவசரத்தில்.

கெசியா கத்தியை எடுத்து அடுத்த மீனைக் கிழித்தாள். கண்ணீர் கொட்டியது. துடைக்கலாம் என்றால் கையெல்லாம் உப்பு.

"அஞ்சு வருஷம் அடிச்சு வாங்க முடியாததை வெங்காயம் வதக்கி வாங்கிட்டானுங்களே" என்றாள். "நாசமாப் போவானுங்க, எல்லாரும்." பிறகு அவனைப் பார்த்து, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான் ஜோத்தம். "அந்த சார்ஜென்ட் குடுத்தான். நான் வேண்டாம்னுட்டேன்."