கரைக்கு முதுகு

மேனகாவுக்குத் தெரிந்த தண்ணீர் ஏற்காட்டில் லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஏரி மட்டும்தான். கிளியூர் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். படகுத்துறை வேலையில் சேர்ந்து, விருந்தாளிகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, ஒற்றையாள் உட்கார்ந்து இருபுறமும் துடுப்புப் போடும் காயக்கைக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தாள். அந்த ஏரியின் பாடம் ஒன்றே ஒன்று: காற்று எழுந்தால் கரைக்குத் திரும்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்லும் சேறும்தான். வருடக்கணக்காக அவள் உடம்பு அதைத்தான் படித்திருந்தது.

போன வருடம் லாட்ஜ் விருந்தாளிகள் சிலர் மண்டபத்துக் கடலில் காயக் ஓட்டப் போனபோது அவளும் துணைக்குப் போனாள். திடீரென்று காற்று ஏறியது. கரையோரம் வராதீங்க, உள்ளேயே நில்லுங்க என்று கடல்கார வழிகாட்டி லூர்துராஜ் கத்தியது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. விழுந்தும் கை கரைப்பக்கம் திருப்பிவிட்டது. அவளை நம்பிப் பின்னால் வந்த சேலத்து விருந்தாளி தீபிகாவும் திரும்பினாள். காற்றுக்காலத்தில் கடலலை உடைவது கரையோரத்தில். இரண்டு காயக்கும் கவிழ்ந்தன. மேனகா மணலில் விழுந்தாள், தீபிகா பாறையில். தீபிகாவின் தோள் எலும்பு முறிந்தது.

தோள் கூடியதும் தீபிகா போன் செய்து, மறுபடியும் வருவேன், ஆனால் மேனகாக்கா முன்னால் போனால்தான் என்றாள். திட்டியிருந்தால்கூட மேனகா தூங்கியிருப்பாள். அடுத்த வாரம் மறுபடி கடல் பயணம். மறுபடி கை தானாகத் திரும்பினால் பின்னால் வருகிறவள் கதி என்ன? லூர்துராஜைக் கேட்டாள். தெரிந்துவைத்தால் போதாது, காற்றுக்குள் உட்கார்ந்து பழகணும் என்றார்.

புயலில் துடுப்புப் போடுகிறவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். மேனகாவிடம் அப்படி ஒன்றும் இல்லை. பயந்தால் தன் உடம்பு என்ன செய்யும் என்பதை, பயம் இல்லாத இடத்தில் அவளால் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவ்வளவுதான்.

கோடைமழை வந்த மாலை, இடி சேலம் பக்கம் இறங்கி ஓய்ந்த பிறகும் காற்று நிற்கவில்லை. கரைக்குத் திரும்பாமல் இருந்து பழக மேனகா காயக்கை ஏரியில் இறக்கினாள். அவள் கணவன் சக்தி, ஜீப் ஓட்டுகிறவன், ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தான். வீட்டில் வெந்நீர் காய்கிறது, குளிக்க ஆசையென்றால் அங்கே குளிக்கலாமே என்று கேலி செய்தவன், அவள் மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டும்போது கேலியை விட்டு, ஜீப்பின் முகப்பு விளக்கைத் தொட்டுக் காட்டினான்.

"லைட்டப் போட்டு வெக்கறன். அதப் பாத்துட்டே வந்துரு புள்ள."

நடு ஏரிக்குப் போனதும் மழை சாய்ந்து அடித்தது. சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன, படகுத்துறை மறைந்தது. காயக்கின் மூக்கைக் காற்று பிடித்துத் தள்ள, இடுப்புக்குக் கீழே எல்லாம் வழுக்கியது. பின்னால் ஜீப்பின் வெளிச்சம் மட்டும் மழையில் மஞ்சளாகக் கரைந்து நின்றது. கழுத்து அந்தப் பக்கம் தானாகத் திரும்பியது. இடக்கைத் துடுப்பு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இதேதான், அன்றைக்கும் இதேதான். பல்லைக் கடித்துத் துடுப்பை வெளியே எடுத்தாள். அடுத்த வீச்சில் கை மறுபடி அதே பக்கம் போனது. அழுகை வந்தது. அழுதுகொண்டே மூக்கைக் காற்றுக்கு நேராக நிறுத்தினாள்.

அப்போது வெளிச்சம் அணைந்தது.

சக்திக்கு ஏதோ ஆகிவிட்டதா? வண்டி சரிந்துவிட்டதா? கூப்பிட்டுப் பார்த்தாள், குரல் அவளுக்கே கேட்கவில்லை. இப்போது திரும்புவதற்கு ஒரு திசைகூட இல்லை. காற்று மட்டும் முகத்தில் அடித்து, தான் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துத் துடுப்புப் போட்டாள், முன்னேறுவதற்காக அல்ல, இருந்த இடத்தில் இருப்பதற்காக.

காற்று தணிந்து மரங்கள் தெரிந்த பிறகு கரைக்கு வந்தாள். சக்தி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான், கையில் துண்டோடு.

"ஏனுங்க, லைட்டு என்னாச்சுங்க?"

"நாந்தான் அணைச்சன். நீ அதையே திரும்பித் திரும்பிப் பாத்தியே." துண்டை அவள் தலையில் போட்டான். "அணைச்சுட்டு நொம்பப் பயந்துட்டன்."

துவட்டிய கையை அவள் பிடித்துக்கொண்டாள். தீபிகாவுக்கு வரச்சொல்லிப் போன் செய்யலாமா என்று அவன் கேட்டான். நாளைக்கும் காற்று வந்தால் இன்னொரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

"நாளைக்கு லைட்டே போட வேண்டாமுங்க."